நானூற்றுப் பதினேழு

— இல்லம்மா, இன்னும் யாரும் வரல. காலைல ஒன்பது மணிக்கு இந்த பெஞ்சுல உக்காந்தேன், இப்ப மணி மூணேகால். பணம் கட்டற இந்த ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்கல. நானூத்திப் பதினேழு வரவே இல்ல.

— கண்ணை எடுக்கலன்னா சரி, வாயைத் திறந்திருக்கலாமே. காலைல கட்டிக் குடுத்த டப்பா அப்படியே இருக்கு. சாப்பிடு மிளகா.

— இப்ப செல்லப் பேர் சொல்லிக் கூப்பிடாத. எரியுது.

— எரியறதாலதானே அந்தப் பேரே வெச்சோம்.

— அம்மா!

— சரி சரி, மன்னிச்சுக்கோ.

— அதையும் சொல்லாத. நீ கதவைத் திறந்தாக்கூட கதவுகிட்ட மன்னிப்புக் கேப்ப. லிஃப்ட்டுல உன் காலை மிதிச்சவன்கிட்டயே 'மன்னிச்சுக்கோங்க சார், கால் குறுக்க இருந்துருச்சு'ன்னு சொன்னவ நீ.

— அவரு பெரிய டாக்டருடி.

— அதனால உன் காலு சின்னக் காலா?

— மெதுவாப் பேசு. காலேஜு வராண்டா இது. பாரு, எனக்கு அரை மணிதான் டைம். ரெண்டு பேஷன்ட்டு டிஸ்சார்ஜ் ஆகிப் போயிருக்காங்க, கட்டிலைத் துடைச்சு விரிப்பு மாத்தணும். உங்கிட்ட ஒரு விஷயம் சொல்லிட்டுப் போகணும்னுதான் வார்டை விட்டு ஓடி வந்தேன்.

— இரு, இரு. தயவுசெய்து சார் எழுந்திருக்கறாரு.

— யாருடி அது?

— ஜன்னலுக்கு உள்ள கண்ணாடி போட்டவரு, அந்த கிளார்க். எதைக் கேட்டாலும் 'தயவுசெய்து காத்திருங்கள்', 'தயவுசெய்து வரிசையில் வாருங்கள்'தான். வரிசைல நான் ஒருத்திதான் நிக்கறேன், எனக்கு முன்னாலயும் ஆள் இல்ல, பின்னாலயும் ஆள் இல்ல. அப்பவும் தயவுசெய்து வரிசையில் வாருங்களாம்! ...சே, தண்ணி குடிக்கத்தான் எழுந்தாரு.

— மரியாதையான மனுஷன்தானே. திட்டலையே.

— திட்டினாக்கூடப் பரவால்லம்மா. திருப்பித் திட்டலாம். இவரு கும்பிடாத குறையா ஒவ்வொரு தடவையும் கதவைச் சாத்தறாரு. நம்ம கோபத்தை எங்க கொண்டு போய் வைக்கறது?

— எனக்கு இன்னமும் இந்தக் கணக்கு ஒழுங்காப் புரியலடி. அந்த நானூத்திப் பதினேழு வந்தா என்ன, வராட்டி உனக்கு என்ன?

— எத்தனை தடவை சொல்றது? இந்த நர்சிங் காலேஜுல மொத்தம் அறுபது சீட்டு. அம்பத்தொன்பது நிரம்பியாச்சு. மிச்சம் இருக்கறது ஒண்ணே ஒண்ணு, ஸ்டாஃப் சீட்டு. ஆஸ்பத்திரில வேலை பாக்கறவங்க படிக்கணும்னா அவங்களுக்குன்னு ஒதுக்கினது. அதை நானூத்திப் பதினேழாம் நம்பர் விண்ணப்பத்துக்குக் குடுத்திருக்காங்க. ஸ்டாஃப் சீட்டுக்கு போர்டுல பேர் போட மாட்டாங்களாம், நம்பர் மட்டும்தான். இன்னிக்குச் சாயங்காலம் நாலு மணிக்குள்ள அந்த ஆள் முதல் வருஷப் பணம் கட்டலன்னா, சீட்டு பொதுக் காத்திருப்புப் பட்டியலுக்கு வந்துரும். அந்தப் பட்டியல்ல முதல் நம்பர் யாரு?

— நீ.

— நான்! அரை மார்க்கும்மா. அரை மார்க்குல உள்ள போகாம வாசல்ல நிக்கறேன். வேதியியல்ல எவனோ ஒருத்தன் தூக்கத்துல பேப்பர் திருத்தியிருக்கான்.

— மத்த காலேஜுல?

— கவர்ன்மென்ட்டு காலேஜுல நான் காத்திருப்புல இருநூத்திப் பன்னெண்டு. எனக்கு முன்னால இருக்கற இருநூத்திப் பதினோரு பேருக்கும் ஒரே நாள்ல பைத்தியம் பிடிச்சாத்தான் எனக்குச் சீட்டு. அந்தத் தனியார் காலேஜுல கூப்பிட்டுக் குடுக்கறாங்க. ஏன் குடுக்க மாட்டாங்க? வருஷத்துக்கு ரெண்டு லட்சத்துப் பத்தாயிரம். ஹாஸ்டல் தனி. யூனிஃபார்ம் அவங்க கடைலதான் வாங்கணும். ஷூ அவங்க கடைல. தலைல குத்தற கிளிப்புக்கூட அவங்க கடைல. முன்வைப்புத் தொகை முப்பதாயிரம், எதையாவது உடைச்சா பிடிச்சுக்குவாங்களாம். நான் என்ன உடைக்கப் போறேன், ஆஸ்பத்திரியவா?

— உன் கோபத்துக்கு உடைச்சாலும் உடைப்ப.

— சிரிப்பா இருக்கா உனக்கு? விண்ணப்பம் போடவே ஒவ்வொரு இடத்துலயும் ஆயிரத்தி ஐநூறு வாங்கினாங்க. கீழ பொடி எழுத்துல 'திருப்பித் தரப்பட மாட்டாது'. சீட்டு குடுக்கலன்னாலும் தர மாட்டாங்க, குடுத்து நாம போகலன்னாலும் தர மாட்டாங்க. பேப்பரைக் கைல வாங்கினதுக்கே காசு. இதைக் கேக்க ஒரு ஆள் இல்ல.

— இந்தக் காலேஜுல எவ்வளவு?

— வருஷத்துக்கு நாப்பதாயிரம். அப்பா லாரி ஷெட்டுல ராவும் பகலுமா வேலை பாத்து எடுத்து வெச்சது நாப்பத்தி ரெண்டாயிரம் இருக்கு. அளவெடுத்துத் தெச்ச மாதிரி. அதாம்மா என் வயிறு எரியுது. காலேஜு பக்கத்துல இருக்கு, காசு கைல இருக்கு, மார்க்கு இருக்கு, நான் இந்த பெஞ்சுல இருக்கேன். குறுக்க ஒரே ஒரு ஆளு. வரவும் மாட்டாராம், வேணாம்னு சொல்லவும் மாட்டாராம்.

— ஒருவேளை பாவம், என்ன கஷ்டமோ.

— ஆரம்பிச்சுட்டியா? உலகத்துல யாருக்காச்சும் கஷ்டம்னா உனக்கு முதல்ல கண்ணு கலங்கிரும். பெத்த பொண்ணு எதிர்ல உக்காந்திருக்கேன், என் கஷ்டம் தெரியல.

— தெரியுதுடி. நான் என்ன சொல்ல வந்தேன்னா...

— ஸ்டாஃப் சீட்டுன்னா யாரு வருவாங்க சொல்லு? வார்டு ஆயா, லேப்ல பாட்டில் கழுவறவங்க, ஸ்ட்ரெச்சர் தள்ளறவங்க. வயசு எப்படியும் நாப்பதைத் தாண்டியிருக்கும். அதுக்கு மேல உக்காந்து உடம்புல எத்தனை எலும்புன்னு மனப்பாடம் பண்ணி, நாலு வருஷம் படிச்சு, பரீட்சை எழுதி, பாஸ் பண்ணி... தொப்பி போடற அன்னிக்கே ரிட்டயர்மென்ட்டு மாலையும் போட்ருவாங்க.

— எனக்கும் நாப்பத்தஞ்சு ஆகப் போகுதுடி.

— உன்னைச் சொல்லலம்மா. நீ வேற.

— ஏன், நான் மட்டும் எப்படி வேற?

— நீ எங்க படிக்கப் போற? அஞ்சாறு வருஷத்துக்கு முன்னால பிளஸ் டூ எழுதினியே, அதுவே சம்பளத்துல ஏதோ முந்நூறு ஏத்துவாங்கன்னுதானே?

— அப்படித்தான் உங்க அப்பாகிட்ட சொன்னேன்.

— அதுக்கே வீட்டுல என்ன கூத்து! அடுப்பு மேடைல புத்தகத்தைச் சாய்ச்சு வெச்சுப் படிச்சு, ரெண்டு பக்கம் நனைஞ்சு, நான்தான் ஃபேனுக்கு அடில காய வெச்சேன்.

— அந்த ரெண்டு பக்கத்துலேருந்துதான் கேள்வி வந்துச்சு. நல்லா எழுதினேன்.

— அட, அதை ஏன் இப்ப பெருமையா சொல்ற? நான் என்ன பேசிட்டிருக்கேன், நீ என்ன பேசற?

— மன்னிச்சுக்கோ.

— பாத்தியா! மணி மூணு இருபத்தஞ்சு. இன்னும் முப்பத்தஞ்சு நிமிஷம். அந்த ஆள் இப்ப வராண்டாக் கோடில திரும்பி வந்தா நான் ஓடிப் போய்க் கதவைச் சாத்திருவேன், சொல்லிட்டேன்.

— சாத்துவியா?

— சாத்துவேன். கேப்பேன். 'இத்தனை நாள் என்ன பண்ணீங்க? உங்களுக்குப் பின்னால ஒருத்தி உயிரைக் கைல பிடிச்சுட்டு உக்காந்திருக்கான்னு ஒரு நிமிஷம் நினைச்சீங்களா? உங்களுக்கு இது ஆசை, எனக்கு இது வாழ்க்கை'ன்னு மூஞ்சிக்கு நேரா கேப்பேன்.

— அந்த ஆளுக்கும் இது வாழ்க்கையா இருந்தா?

— அப்ப காலைலயே வந்திருக்கணும். வேணும்கறவங்க வருவாங்கம்மா. நான் வந்தேன்ல?

— வேணும்கறதை எல்லாராலயும் சத்தமாச் சொல்ல முடியாதுடி. சில பேருக்கு வேணும்னு சொல்லவே இருபது வருஷம் ஆகுது.

— அப்படிப்பட்டவங்களுக்குக் குடுக்கட்டும், நான் வேணாம்னா சொல்றேன்? உன் வார்டுல அந்த அக்கா இல்ல? போன மாசம் நான் கடிதம் எழுதிக் குடுத்தேனே, அவங்க மாதிரி ஆளுக்குக் கிடைச்சா எனக்கு வருத்தமே இல்ல.

— எந்த அக்கா?

— என்னம்மா மறந்துட்டியா? 'ஏன் செவிலியர் ஆக விரும்புகிறீர்கள்'னு ஒரு பக்கம் எழுதணும், வார்டுல ஒருத்திக்கு எழுத வராது, நீ எழுதிக் குடுன்னு கேட்டியே. நீ சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அவங்க சொன்னதையெல்லாம் அப்படியே மனசுல வெச்சு வந்து சொன்ன. ஆறாம் நம்பர் பெட்டுல ஒரு தாத்தா, கைல ஏறிட்டிருந்த டிரிப்பு நின்னு போய் கை வீங்குதுன்னு அந்த அக்காதான் முதல்ல பாத்தாங்க. புது சிஸ்டர்கிட்ட சொன்னா 'உன் வேலையைப் பாரு'ன்னுட்டா. அப்பறம் டாக்டர் வந்து, சரியான நேரத்துல கவனிச்சீங்கன்னு அந்த சிஸ்டரைப் பாராட்டினாரு. அக்கா பக்கத்துலயே பக்கெட்டோட நின்னுட்டிருந்தாங்க.

— ம்.

— அதை எழுதறப்ப எனக்கே அவ்வளவு கோபம் வந்துச்சு. அந்த சிஸ்டரைப் பாத்தா நாலு கேள்வி கேக்கணும்னு இருந்துச்சு. அந்த அக்காவுக்கு எங்கயாச்சும் கிடைச்சுதாம்மா?

— அதைத்தான் உங்கிட்ட...

— இரு! ஜன்னல் திறக்குது. சார்! சார், ஒரு நிமிஷம்!

— வணக்கம். தயவுசெய்து சற்று மெதுவாகப் பேசுங்கள். வகுப்பு நடக்கிறது.

— சார், நானூத்திப் பதினேழு பணம் கட்டலைல? காலைலேருந்து நான் இங்கதான் இருக்கேன். யாரும் வரல. நீங்களும் பாத்தீங்க.

— தாங்கள் இருந்ததை நான் கவனித்தேன். ஆனால் நான்கு மணி வரை அவகாசம் இருக்கிறது. அதற்கு முன் எதையும் சொல்வதற்கு எனக்கு அனுமதி இல்லை. பொறுத்தருளுங்கள்.

— பொறுத்தருளியாச்சு சார். ஆறரை மணி நேரமாப் பொறுத்தருளிட்டிருக்கேன். நாலு மணிக்கு எம்பேரைக் கூப்பிடுவீங்களா, அதை மட்டும் சொல்லுங்க.

— காலியாக இருந்தால் கட்டாயம் கூப்பிடுவேன். தாங்கள்தான் பட்டியலில் முதலில் இருக்கிறீர்கள். அதோ, புத்தகம் வந்துவிட்டது. தயவுசெய்து ஒரு நிமிடம்.

— என்ன புத்தகம் சார்?

— சம்பளப் பிரிவின் ரசீதுப் புத்தகம். ஊழியர்கள் இந்த ஜன்னலில் பணம் கட்டுவதில்லை, அம்மா. அவர்களுடைய சம்பளம் அல்லது சேமநிதியிலிருந்து பிடித்தம் செய்ய வேண்டியிருப்பதால், மருத்துவமனையின் சம்பளப் பிரிவில்தான் கட்டுவார்கள். மாலையில் இந்தப் புத்தகம் எங்களிடம் வரும்.

— என்னது? இங்க கட்ட மாட்டாங்களா? அப்ப நான் காலைலேருந்து எதைப் பாத்துட்டிருந்தேன்?

— ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். தாங்கள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

— கேக்கணுமா? ஒருத்தி நாள் முழுக்க தப்பான ஜன்னலுக்குக் காவல் இருக்கா, ஏம்மா இருக்கன்னு ஒரு வார்த்தை வரல, தயவுசெய்து மட்டும் நூறு தடவை வந்துச்சா? அம்மா, நீ இந்த ஆஸ்பத்திரிலதானே வேலை பாக்கற, உனக்குத் தெரியாதா இது?

— தெரியும் கண்ணு.

— தெரிஞ்சா ஏம்மா சொல்லல?

— மன்னிக்கவும். குறுக்கிடுகிறேன். நானூற்றுப் பதினேழு... ஆம். பணம் வரவாகியிருக்கிறது. இன்று காலை எட்டு ஐம்பதுக்கு. முழுத் தொகை.

— எட்டு அம்பதா? நான் இங்க வந்து உக்கார்றதுக்குப் பத்து நிமிஷம் முன்னாலயா?

— ஆம். மிகவும் வருந்துகிறேன். இந்த ஆண்டுக்கான சேர்க்கை முடிந்தது.

— வருந்தறாராம்! யாரு சார் அது? பேரைச் சொல்லுங்க.

— பெயரைச் சொல்ல அனுமதி இல்லை.

— எனக்கு என்ன மார்க்குன்னு இந்த போர்டுல போட்டு ஊருக்கே காட்டினீங்க, அதுக்கு அனுமதி இருந்துச்சா? அந்த ஆளுக்கு என்ன தகுதி சார்? மார்க்கு என்ன? எதை வெச்சுக் குடுத்தீங்க? சிபாரிசா?

— மிளகா, வேணாம். அவர் மேல கோபப்படாத.

— நீ பேசாம இரு. சொல்லுங்க சார், சிபாரிசா?

— இல்லை அம்மா. அந்தச் சொல்லை மட்டும் தயவுசெய்து திரும்பப் பெறுங்கள். பதினாறு பேர் விண்ணப்பித்திருந்தார்கள். மதிப்பெண் பார்த்தோம், பணிக்காலம் பார்த்தோம், பிறகு கடிதம் பார்த்தோம். இந்த ஒரு கடிதத்தைத் தேர்வுக் குழுவில் இரண்டு முறை உரக்க வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தவன் நான்தான். முதல்வர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார். அதுவும் தவிர, அடுத்த ஆண்டு அவரால் விண்ணப்பிக்கவே முடியாது. ஊழியர் இடத்துக்கு வயது வரம்பு நாற்பத்தைந்து. தங்களுக்குப் பதினெட்டு. தாங்கள் அடுத்த ஆண்டும் வரலாம், அதற்கடுத்த ஆண்டும் வரலாம்.

— வரலாம், வந்து இதே பெஞ்சைத் தேய்க்கலாம். அப்படி என்ன சார் பெரிய கடிதம்? நானும் எழுதத் தெரிஞ்சவதான்.

— பெயர் சொல்லக் கூடாது, ஆனால் ஒரு வரி சொல்லலாம் என்று நினைக்கிறேன். எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. 'பத்தொன்பது ஆண்டுகளாக நோயாளியைப் பார்க்கிறேன். எனக்குப் பார்க்கத் தெரியும். பார்த்ததைச் சொல்வதற்கான உரிமைதான் இல்லை. அந்த உரிமையைக் கேட்டு இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.'

— இருங்க சார். அதை இன்னொரு தடவை சொல்லுங்க.

— அம்மா? தாங்கள் நலமா? தண்ணீர் தரட்டுமா?

— அது நான் எழுதினது.

— மன்னிக்கவும்?

— அந்த வரி என்னோடது சார். 'கேட்டு'ன்னு போடறதா 'கோரி'ன்னு போடறதான்னு அரை மணி யோசிச்சேன். அம்மா! அது அந்த அக்காவோட கடிதம்மா! உன் வார்டு அக்கா!

— ஆமா.

— நானே எழுதிக் குடுத்து, நானே என் சீட்டைத் தூக்கிக் குடுத்திருக்கேன்! அதுவும் எழுத்துப் பிழை பாத்து, ரெண்டாந்தடவை நல்ல பேப்பர்ல அழகா எழுதிக் குடுத்திருக்கேன்!

— இப்பதானேடி சொன்ன, அவளுக்குக் கிடைச்சா வருத்தமே இல்லன்னு.

— அது... அது வேறம்மா. அது சும்மா பேச்சுக்குச் சொல்றது. வேற ஏதாவது காலேஜுல கிடைச்சிருந்தா...

— ஓ. வேற யாராவது பொண்ணோட சீட்டா இருந்திருந்தா.

— அப்படி இல்ல. அவங்களாவது ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? நீ தினமும் அவங்க கூடத்தானே வேலை பாக்கற. நான் காத்திருப்புல முதல் நம்பர்னு உனக்குத் தெரியும். அந்த சீட்டு அவங்களோடதுன்னும் உனக்குத் தெரிஞ்சிருக்கு. நடுவுல நின்னு ரெண்டு பக்கமும் பாத்துட்டு வாயை மூடிட்டு இருந்திருக்க!

— நேத்து ராத்திரி சொல்ல வந்தேன். நீ யூனிஃபார்முக்கு அளவெடுத்துட்டிருந்த. இன்னிக்குக் காலைல சொல்ல வந்தேன். நீ குளிச்சுட்டு சாமி கும்பிட்டுட்டிருந்த. இப்ப வந்ததுலேருந்து நாலு தடவை வாயைத் திறந்தேன்.

— என் பணம்! அம்மா, அப்பா குடுத்த பணத்துலேருந்து ஏதாவது கடன் கிடன் குடுத்தியா அவங்களுக்கு? உனக்குத்தான் யாரு கேட்டாலும் இல்லன்னு சொல்ல வராதே!

— உன் பணத்துல ஒத்தக் காசு தொடல. நாப்பத்தி ரெண்டாயிரமும் அப்படியே இருக்கு, அடுத்த வருஷத்துக்கு. ஸ்டாஃப்புக்குப் பாதிக் கட்டணம்தான். அதை அவளோட சேமநிதிலேருந்து எடுத்துக் கட்டினா. பத்தொம்போது வருஷமா அவ சம்பளத்துல பிடிச்சது.

— சரி, பேரைச் சொல்லு. அந்த அக்கா பேர் என்ன? இப்பவே வார்டுக்கு வரேன். மூஞ்சிக்கு நேரா கேக்கறேன்.

— என்ன கேப்ப?

— ஏன் எங்கிட்ட மறைச்சீங்கன்னு கேப்பேன். நான் யாருன்னு தெரிஞ்சே எங்கிட்டயே எழுதி வாங்கினீங்களேன்னு கேப்பேன். வாயைத் திறந்து எனக்கு வேணும்னு சொல்ல அப்படி என்ன பயம்னு கேப்பேன். பேரைச் சொல்லும்மா!

— கடிதத்துக்குக் கீழ பேர் எழுதற இடத்தைக் காலியா விடச் சொன்னேன், ஞாபகம் இருக்கா?

— இருக்கு. அவங்களே எழுதிக்குவாங்கன்னு சொன்ன.

— எழுதிக்கிட்டேன். காலைல உனக்கு டப்பா கட்டிக் குடுத்துட்டு, நேரா சம்பள ஆபீசுக்குத்தான் போனேன். எல்லாத்துக்கும் மன்னிப்புக் கேக்கறவதான் நான், ஆனா இதுக்குக் கேக்க மாட்டேன் மிளகா.